ஏமாற்றமுற்ற வாசகர்: இளையோர் மர்மப் புதின வரலாற்றில் ஒரு பகுதி

தோற்றுவாய்

இலக்கிய வரலாறு என்று நாம் எழுதிவருவது பெரும்பாலும் ஆசிரியர் வரலாறாகவோ நூல் வரலாறாகவோ அமைந்துவிடுகிறது. படித்தவர் என்ன உணர்ந்தார் என்பது அதில் ஓரக் குறிப்பாகவே நிற்கும். அவ்வாறு குறிக்கும்போதும் பாராட்டிய வாசகரையே குறிக்கிறோம். ஒரு நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, 'இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன்?' என்று மனம் கசந்து மூடிவைத்த வாசகரை நாம் கணக்கில் கொள்வதில்லை. ஆயினும் புதின இலக்கியம் வளர்ந்த வழியைக் கூர்ந்து நோக்கினால், அதன் திருப்புமுனைகள் சிலவற்றில் அந்த வாசகர் நிற்பதைக் காணலாம்.

இக்கட்டுரை அத்தகைய வாசகரைப் பற்றியது. சிறப்பாக, அமெரிக்க நாட்டில் 1977 ஆம் ஆண்டு வெளிவந்த இளையோர் மர்மப் புதினம் ஒன்றையும், அதன் முடிவு கண்டு திகைத்த இளம் வாசகர்களையும், அவர்களுக்கு அதன் ஆசிரியர் அளித்த மறுமொழியையும் இது மையமாகக் கொள்கிறது. நூல், ராபர்ட் கார்மியர் எழுதிய 'ஐ ஆம் த சீஸ்'.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் வெகுளியையும் தனித்தனியே வைத்தார். அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. கதையின் முடிவு பிடிக்காத வாசகரிடம் இவ்விரு மெய்ப்பாடுகளும் கலந்தே எழுகின்றன. அன்புக்குரிய பாத்திரத்தை இழந்ததால் வரும் அழுகை ஒன்று. ஆசிரியர் தம்மை ஏய்த்துவிட்டார் என்பதால் வரும் வெகுளி மற்றொன்று. வெளியே கேட்கும்போது இரண்டும் ஒரே குரலாக ஒலிக்கும். அவற்றைப் பிரித்தறிவது திறனாய்வாளர் கடமை. பிரித்தறிந்து மறுமொழி கூறுவது படைப்பாளர் கடமை. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முன்னோர் மூவர்

இளையோர் புதினம் என்றொரு வகை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஏமாற்றமுற்ற வாசகர் பிறந்துவிட்டார். ஆங்கிலப் புதினத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சாமுவேல் ரிச்சர்ட்சன் இலண்டனில் அச்சகம் நடத்தியவர். அவருடைய 'கிளாரிசா' 1747 டிசம்பர் முதல் 1748 டிசம்பர் வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கதைத்தலைவிக்கு நேரவிருக்கும் கதியைக் கேள்வியுற்ற பிராட்ஷே சீமாட்டி, புனைபெயரில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். அவளைச் சாகவிடாதீர் என்று மன்றாடினார். ரிச்சர்ட்சன் இணங்கவில்லை, ஆனால் கடிதத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. தாம் ஏன் அவ்வாறு முடிக்கிறார் என்று விரிவாக விடை எழுதினார். அக்கடிதப் போக்குவரத்து நட்பாக முதிர்ந்தது. சீமாட்டியோ தம்முடைய படியின் ஓரங்களில் தமக்கு உகந்த முடிவைத் தாமே எழுதிவைத்துக்கொண்டார். ஆசிரியர் தம் முடிவில் நின்றார், வாசகர் தம் முடிவில் நின்றார், உறவு அறுபடவில்லை.

அடுத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1840-41 ஆம் ஆண்டுகளில் தொடராக வந்த அவரது 'பழம்பொருள் கடை' புதினத்தில் சிறுமி நெல்லைக் காப்பாற்றுமாறு வாசகர்கள் கடிதம் எழுதினர், அவள் இறந்தாள். இருபது ஆண்டுகள் கழித்து 'பெரும் எதிர்பார்ப்புகள்' புதினத்துக்குத் தலைவனும் தலைவியும் பிரிந்துபோகும் முடிவு ஒன்றை டிக்கன்ஸ் எழுதினார். அச்சுப்படியைப் படித்த நண்பர் புல்வர் லிட்டன் அம்முடிவு வேண்டாம் என்றார். டிக்கன்ஸ் கேட்டார், கூடலுக்கு இடம் வைத்த வேறு முடிவோடு 1861 இல் நூல் வந்தது. பழைய முடிவை ஜான் ஃபார்ஸ்டர் தாம் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் வெளியிட்டார். எது சிறந்தது என்ற வழக்கு அன்று முதல் நடந்துவருகிறது. இங்கே, ஏமாறக்கூடிய வாசகரை முன்னதாகவே கருதி ஆசிரியர் இறங்கிவந்தார்.

மூன்றாமவர் ஆர்தர் கோனன் டாயில். 1893 டிசம்பர் மாத 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஷெர்லக் ஹோம்ஸை அவர் சுவிட்சர்லாந்தின் ரைக்கன்பாக் அருவியில் வீழ்த்தினார். வரலாற்றுப் புதினங்களே தம் பெயரை நிலைநிறுத்தும் என்று நம்பிய அவருக்குத் துப்பறிவாளர் ஒரு சுமையாகியிருந்தார். வாசகர்கள் கொதித்தனர். இலண்டன் இளைஞர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டித் துக்கம் காத்தனர் என்று பின்னாளில் எழுதப்பட்ட செய்திக்கு அக்காலச் சான்று கிடைக்கவில்லை. எனினும் கோபக் கடிதங்கள் வந்தது மெய். 1901 இல் தொடங்கிய 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' தொடரில், இறப்பதற்கு முந்திய நிகழ்ச்சி என்ற போர்வையில் ஹோம்ஸ் தலைகாட்டினார். 1903 இல் அவர் அருவியில் விழவே இல்லை என்று கதை திருத்தப்பட்டது. வாசகர் வென்றார்.

நிற்றல், இறங்குதல், மீட்டல் என்று இம்மூன்றையும் பெயரிட்டுக் கொள்ளலாம். பின்வந்த படைப்பாளர் அனைவரும் இவற்றுள் ஒன்றையே தேர்ந்தனர். கார்மியர் நின்றவர். ஆனால் அவர் நின்ற முறை வேறு.

இளையோர் இலக்கியம் தோன்றிய சூழல்

குழந்தைகளுக்கும் வளர்ந்தோருக்கும் இடைப்பட்ட பருவத்தாரைத் தனி வாசகர் கூட்டமாக முதலில் கருதியவர்கள் நூலகர்களே எனலாம். அமெரிக்க நூலகச் சங்கம் 1957 இல் இளையோர் பணிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. ஆயின் அவர்களுக்கென எழுதப்பட்டவை பெரும்பாலும் பள்ளி நடனம், முதற்காதல், விளையாட்டுப் போட்டி என்ற வட்டத்துக்குள் சுழன்றன.

ஓக்லஹோமா மாநிலம் டல்சா நகரில் பள்ளி மாணவியாக இருந்த எஸ். ஈ. ஹிண்டனுக்கு அவை உவப்பளிக்கவில்லை. தம்மைச் சுற்றி வாழ்ந்த பிள்ளைகளின் வாழ்க்கை, தம் வயதினருக்கென எழுதப்பட்ட நூல்களில் இல்லையே என்ற குறையே அவரை எழுதத் தூண்டியது. 'தி அவுட்சைடர்ஸ்' 1967 இல் வெளிவந்தது. ஆண்பிள்ளைக் கதையைப் பெண் எழுதினார் என்று மதிப்புரைஞர்கள் ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காகப் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் பதிப்பகத்தார் அச்சிட்டனர். அமெரிக்க இளையோர் புதினம் புதுவழி கண்டது இந்நூலோடு என்பர். அவ்வாறாயின் அவ்வழியைத் திறந்ததே ஓர் ஏமாற்றமுற்ற வாசகியின் கைதான். ஏமாற்றம் பழிப்புரையோடு முடியவேண்டும் என்ற கட்டாயமில்லை. சில வேளை அது பேனாவை எடுக்கவும் வைக்கும்.

கார்மியரும் 'சாக்லேட் போ'ரும்

ராபர்ட் கார்மியர் 1925 இல் மாசசூசெட்ஸ் மாநிலம் லெமின்ஸ்டர் நகரில், பிரெஞ்சுக் கனடிய வழிவந்த உழைப்பாளர் குடும்பமொன்றில் பிறந்தார். வாழ்நாள் முழுவதும் அவ்வூரிலேயே வாழ்ந்தார். வானொலியிலும் பின்னர்ச் செய்தித்தாள்களிலும் பணியாற்றினார்; ஃபிட்ச்பர்க் நகரின் 'சென்டினல்' நாளிதழில் நெடுங்காலம் இருந்தார். தந்தையின் மறைவை அடுத்து எழுதிய முதற்புதினம் 1960 இல் வெளிவந்தது. அதுவும் அடுத்து வந்தவையும் வளர்ந்தோருக்கானவை.

அவருடைய மகன் தன் பள்ளியில் நிதி திரட்டச் சாக்லேட் விற்க மறுத்தான். தந்தையும் அதற்கு உடன்பட்டார். பையனுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமே 'தி சாக்லேட் வார்' ஆயிற்று. ஜெரி ரெனால்ட் என்ற மாணவன் சாக்லேட் விற்க மறுக்கிறான். பள்ளியை மறைவில் ஆளும் மாணவர் குழுவும், அதைக் கைக்கருவியாக்கிய ஆசிரியரும் அவனை நொறுக்குகின்றனர். அவன் தன் அலமாரியில் ஒட்டிவைத்திருந்த படத்தில் டி. எஸ். எலியட்டின் 'புரூஃப்ராக்' கவிதையிலிருந்து ஒரு வரி இருந்தது. உலகைக் கலைக்கத் துணிவேனா என்ற தயக்கத்தை உரைக்கும் அவ்வரியை அவன் அறைகூவலாக எடுத்துக்கொண்டான். அடிபட்டுக் கிடக்கும்போது, துணிய வேண்டாம் என்றே நண்பனுக்குச் சொல்ல விழைகிறான். ஒரு கவிதை வரி ஒரு சிறுவன் வாழ்வில் புகுந்து தோற்பதை இவ்வளவு நேராகக் காட்டிய புதினங்கள் அரிய.

இது இளையோர் நூல் என்று முதலில் கூறியவர் கார்மியரின் முகவர். ஆசிரியர் அவ்வாறு எண்ணி எழுதவில்லை. பல பதிப்பகங்கள் முடிவை மாற்றக் கேட்டன. அவர் மறுத்தார். 1974 இல் பாந்தியன் நிறுவனம் மாற்றமின்றி வெளியிட்டது. நூலகர்களுக்கான 'புக்லிஸ்ட்' இதழ் அதன் மதிப்புரையைக் கறுப்புக் கரையிட்டு வெளியிட்டது. 1988 இல் எடுக்கப்பட்ட திரைப்படமோ முடிவை மாற்றி, ஜெரியைக் குத்துச்சண்டையில் வெல்ல வைத்தது. புதினத்தின் முடிவைத் திரை தாங்கவில்லை.

ஓடாத மிதிவண்டி

இப்பின்னணியில் வந்ததே 'ஐ ஆம் த சீஸ்'. இதன் அமைப்பு மூன்று இழைகளால் ஆனது. ஆடம் ஃபார்மர் என்னும் சிறுவன் மாசசூசெட்ஸில் உள்ள தன் ஊரிலிருந்து வெர்மாண்டில் மருத்துவமனையில் இருக்கும் தந்தையைக் காணப் பழைய மிதிவண்டியில் புறப்படுகிறான். இது அவனே சொல்லும் முதல் இழை. ஒருவர் அவனைக் கேள்வி கேட்கும் ஒலிநாடாப் பதிவுகள் இரண்டாம் இழை. அக்கேள்விகளால் கிளறப்பட்டு மேலெழும் பழைய நினைவுகள் மூன்றாம் இழை.

கதை முன்செல்லச் செல்லச் சிறுவனின் வாழ்க்கை கலைந்துகொண்டே போகிறது. அவனுக்குப் பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றில் நாள்கள் வேறு. குடும்பத்தின் உண்மைப் பெயர் டெல்மோன்டி. தந்தை செய்தியாளர், அரசு ஊழலை வெளிப்படுத்தச் சாட்சி சொன்னவர், அதன்பின் அரசே பெயரும் ஊரும் மாற்றி ஒளித்துவைத்த குடும்பம் அது. அமெரிக்காவில் சாட்சிகளைக் காக்கும் திட்டம் 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. வாட்டர்கேட் ஊழலையடுத்துக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். காக்கின்ற கையே நசுக்கவும் கூடும் என்ற ஐயம் அந்நாட்டு வளர்ந்தோர் மனத்தில் ஆழப் பதிந்திருந்த காலத்தில், அதே ஐயத்தைப் பதின்பருவத்தார் கையில் கொடுத்தது இப்புதினம்.

முடிவு வருகிறது. சிறுவன் மருத்துவமனையை அடைகிறான். அவன் எங்கிருந்தும் வரவில்லை என்று நமக்குத் தெரியவருகிறது. அம்மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே அவன் மிதிவண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். வழியில் அவனை மிரட்டிய முரடர்கள் அங்கேயே அடைபட்ட நோயாளிகள். தந்தைக்கென அவன் சுமந்துவந்த பொதியில் இருப்பது அவனுடைய சிறுவயதுப் பொம்மைப் பன்றி. தாயும் தந்தையும் முன்பே இறந்தவர்கள். கடைசி ஒலிநாடா, அவனை ஒழிப்பதா அல்லது தானே கரையும் வரை அடைத்துவைப்பதா என்று அலுவலக நடையில் பரிந்துரைக்கிறது. பின்னர்த் தொடக்கப் பக்கத்தின் சொற்களே திரும்ப வருகின்றன. சிறுவன் மீண்டும் மிதிக்கத் தொடங்குகிறான்.

நூலின் பெயர் ஒரு குழந்தை விளையாட்டுப் பாட்டிலிருந்து வந்தது. அப்பாட்டில் உழவர் முதலாக ஒவ்வொருவரும் ஒரு துணையைச் சேர்த்துக்கொள்வர். கடைசியில் துணையின்றி நிற்பது பாலாடைக்கட்டி மட்டுமே. ஆடம் அதுவாகிறான்.

வாசகரின் வழக்கு

இந்நூலை முடித்துக் கீழே வைக்கும் இளம் வாசகர் ஏமாற்றம் கொள்வது இயல்பு. அவர் தரப்பு வழக்கை நேர்மையாக எடுத்துரைப்போம். மர்மப் புதினம் என்பது ஓர் உடன்படிக்கை. அச்சத்தையும் குழப்பத்தையும் பொறுத்துக்கொள். முடிவில் விடையும் விடுதலையும் தருவேன் என்பது அதில் ஆசிரியர் அளிக்கும் வாக்கு. இங்கே விடை கிடைக்கிறது, விடுதலை கிடைக்கவில்லை. அதனினும் மேலாக, அந்தச் சிறுவனோடு குளிரிலும் காற்றிலும் மிதித்து வந்த வழி முழுதும் இல்லாத வழி என்று கூறப்படுகிறது. 'நடந்தது எதுவும் நடக்கவில்லை' என்பது கதைசொல்லியின் கையில் உள்ள மிக மலிவான தந்திரம் அன்றோ? கனவு கண்டு விழித்தான் என்று முடிக்கும் பள்ளிக் கட்டுரைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு விடை காண, நூலை இரண்டாம் முறை படிக்க வேண்டும். அப்போது தெரிவது, ஆசிரியர் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பது. கேள்வி கேட்பவர் மருத்துவர்போலப் பேசினாலும், அவர் அக்கறை சிறுவனின் நலத்தில் இல்லை, அவன் தந்தை அறிந்த மறைபொருளில்தான் என்பது தொடக்கம் முதலே வெளிப்படுகிறது. சிறுவன் வழிநெடுக ஆமி ஹெர்ட்ஸ் என்ற தோழியைத் தொலைபேசியில் அழைக்க முயல்கிறான். அவள் கிடைப்பதே இல்லை. கடைசி அழைப்பில் அயலார் ஒருவர் பேசி, அந்த எண் மூன்று ஆண்டுகளாகத் தம்முடையது என்கிறார். பயணம் நிகழும் காலமே பொய் என்பதற்கு அது வெளிப்படையான சான்று. வாசகர் அதைக் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறார். ஏனெனில் அவரும் ஆடமைப் போலவே வெர்மாண்டைச் சென்றடைய விரும்புகிறார்.

ஆகவே இம்முடிவு கசப்பானது, ஏய்ப்பானது அன்று. கனவு முடிவு, முன்னர் நேர்ந்த துன்பத்தை இல்லையென்று துடைத்துவிடும். கார்மியரின் முடிவோ துன்பத்தை உண்மையென்று உறுதிசெய்து, அதிலிருந்து தப்பிய பயணத்தை மட்டும் இல்லையென்கிறது. வாசகரிடம் எழுந்தது வெகுளி போலத் தோன்றினும் அதன் வேர் அழுகையே. எனினும் பதின்மூன்று வயதினர் எத்தனை பேர் ஒரு நூலை இரண்டாம் முறை படிப்பர் என்ற கேள்வி எஞ்சுகிறது. மறுவாசிப்பில் மட்டுமே நேர்மை துலங்கும் நூலை எழுதியவர், முதல் வாசிப்போடு நின்றுபோன வாசகருக்கும் ஏதேனும் கடன்பட்டவர் ஆகிறார்.

தொலைபேசி மணி

அக்கடனை அவர் செலுத்திய விதம் இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. அமெரிக்கத் திரைப்படங்களிலும் கதைகளிலும் வரும் தொலைபேசி எண்கள் யாருக்கும் உரிமையில்லாத போலி எண்களாக இருப்பது வழக்கம். அவை போலி என்பது வாசகருக்கும் தெரியும். ஆமியின் எண் மெய்போலத் தோன்றவேண்டும் என்று கருதிய கார்மியர், லெமின்ஸ்டரில் இருந்த தம் வீட்டு எண்ணையே புதினத்தில் அச்சிட்டுவிட்டார்.

வாசகர்கள் அந்த எண்ணைச் சுழற்றினர். நூல் வெளிவந்து பல ஆண்டுகள் கழிந்தும் அழைப்புகள் நிற்கவில்லை. ஆமி இருக்கிறாளா என்று கேட்டால், கார்மியர் தாம் ஆமியின் தந்தை என்று பேசுவார். மகள் வீட்டில் இருந்தால் அவளே ஆமியாகிப் பேசுவாள். பேச்சு வளர வளர, அழைத்த பிள்ளை மெல்லத் தன் உண்மைக் கேள்விக்கு வரும். ஆடம் என்ன ஆனான்? ஏன் இப்படி முடித்தீர்கள்? கதையில் ஆடம் அழைத்தபோது மறுமுனையில் அயலார் ஒருவர் இருந்தார். வாசகர் அழைத்தபோது மறுமுனையில் ஆசிரியர் இருந்தார். புதினத்துள் துண்டிக்கப்பட்ட இணைப்பு, புதினத்துக்கு வெளியே மீண்டும் பொருத்தப்பட்டது.

அவர் முடிவை மாற்றவில்லை என்பதை இங்கே அழுத்திக் கூறவேண்டும். 1983 இல் இப்புதினம் திரைப்படமானபோது ஆமியின் தந்தையாகச் சிறு வேடமொன்றில் தோன்றினார், அவ்வளவே. 'சாக்லேட் போர்' மாந்தர் பிற்பாடு என்ன ஆயினர் என்று வாசகர்கள் விடாது கேட்டதன் பயனாக 1985 இல் அதன் தொடர்ச்சியை எழுதினார். அதிலும் தோற்றவரை வென்றவராக்கவில்லை. ரிச்சர்ட்சனைப் போல நின்றார். ஆனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

மற்றொரு வகை எதிர்ப்பு

இந்நூலை எதிர்த்தவர்கள் மற்றொரு வகையினரும் உண்டு. 1986 இல் ஃபுளோரிடா மாநிலம் பனாமா சிட்டியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இப்புதினம் பாடமாக இருந்தது. மாணவி ஒருத்தியின் குடும்பத்தார் முறையீடு செய்தனர். ஆராய்ந்த குழு நூலை வைத்துக்கொள்ளலாம் என்றது. கல்விக் கண்காணிப்பாளரோ விலக்கினார். அதனைத் தொடர்ந்து வந்த புதிய கட்டுப்பாட்டினால் 1987 இல் அம்மாவட்ட உயர்நிலைப் பள்ளியில் 64 நூல்கள் பாடத்திலிருந்து நீங்கின. அவற்றுள் சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகமும், ஷேக்ஸ்பியர் நாடகங்களும், நூல்களை எரிக்கும் நாட்டைப் பற்றிய ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹைட் 451' புதினமும் அடக்கம். மக்கள் கொதித்தெழுந்தனர், மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் நீதிமன்றம் சென்றனர், அந்த 64 நூல்களும் திரும்பின. 'சாக்லேட் போர்' மீதான எதிர்ப்போ நெடுங்காலம் தணியவில்லை. வெளிவந்து முப்பது ஆண்டுகள் கழிந்த 2004 இலும், அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் மிகுதியாக எதிர்க்கப்பட்ட நூல் அதுவே.

ஏமாற்றமுற்ற வாசகரையும் தடைகோரியவரையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. முன்னவர் கடைசிப் பக்கம் வரை வந்தவர், தாம் பட்ட வலியைச் சொல்கிறார், விடை கேட்கிறார். பின்னவருக்கு விடை தேவையில்லை. பிறர் அப்பக்கத்தை அடையலாகாது என்பதே அவர் விருப்பம். முன்னவரது குரல் நூலின் வாழ்வை நீட்டிக்கும். 'பிடிக்கவில்லை' என்று ஒருவர் உரக்கச் சொல்லும் உரிமை, 'வேண்டாம்' என்று மற்றவர் பறிக்கும் அதிகாரத்துக்கு எதிரான காப்பும் ஆகும்.

பிற்காலச் சான்று

2011 இல் வெரோனிகா ரோத் எழுதிய 'டைவர்ஜென்ட்' இளையோரிடையே பெரும் வரவேற்புப் பெற்றது. அதன் மூன்றாம் பகுதியான 'அலீஜியன்ட்' 2013 அக்டோபரில் வெளிவந்தது. அதுவரை கதையைத் தன் வாயாலேயே சொல்லிவந்த கதைத்தலைவி டிரிஸ் அதில் இறக்கிறாள். வாசகர்களின் சீற்றம் எல்லை கடந்தது. ஆசிரியர் தம் முடிவை விளக்கி எழுத நேர்ந்தது.

அச்சீற்றத்திலும் இரு குரல்கள் கலந்திருந்தன. 'டிரிஸ் சாகலாமா?' என்பது ஒன்று, அது அழுகை. 'இரண்டு பகுதிகளாகக் கட்டிய மர்மத்துக்கு மரபணுச் சோதனை என்று சொன்ன விளக்கம் போதுமா?' என்பது மற்றொன்று. அது தொழில்திறன் பற்றிய வழக்கு. முதற்குரலுக்கு ஆசிரியர் இரங்கலாம், முடிவை மாற்றவேண்டியதில்லை. மேலும், முன்னிரு பகுதிகளில் ஒருத்தியின் குரல் மட்டுமே ஒலிக்க, மூன்றாம் பகுதியில் இருவர் மாறிமாறிப் பேசுகின்றனர். ஒரு குரல் நின்றுவிடக்கூடும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு. இரண்டாம் குரலுக்கோ விளக்கவுரை போதாது. நூலுக்குள்ளேயே விடை இருந்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் முதற்குரலுக்கு மறுமொழி சொல்லி, இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாக அமைதி கொள்கின்றனர். வாசகரும் தம் துயரத்தைக் குற்றச்சாட்டாக மாற்றிப் பேசிவிடுகின்றனர். இருபுறமும் நிகழும் இக்குழப்பத்தால் நல்ல குறைகள் கேட்கப்படாமல் போகின்றன.

முடிவுரை

கார்மியர் 2000 நவம்பர் 2 ஆம் நாள் மறைந்தார். அவர் எழுத்துப் படிகளும் கடிதங்களும் ஃபிட்ச்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. 1991 இல் இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது எடுத்துக்காட்டப்பட்ட மூன்று நூல்களும் முடிவுக்காக எதிர்ப்பைச் சந்தித்தவையே. வாசகர் மகிழ்ந்ததால் மட்டும் ஒரு நூல் நிலைப்பதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒருவர் அதனோடு மனத்தாங்கல் கொள்கிறார் என்றால், அந்நூல் அவருள் இன்னும் முடியவில்லை என்பது பொருள்.

கவிஞர்கள் கூடிய வட்டத்துக்கு இவ்வரலாறு சொல்வது ஒன்றுண்டு. நம் அரங்குகளில் கவிதை படிக்கப்பட்டதும் கைத்தட்டல் எழுகிறது, பாராட்டுரை தொடர்கிறது. பின்வரிசையில் ஒருவர் முகம் சுளித்து அமர்ந்திருப்பதை யாரும் கேட்பதில்லை. அவரே கடைசி வரி வரை உடன்வந்தவராக இருக்கக்கூடும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், இனிவரும் கூட்டங்களில் பாராட்டுக்கு முன் அவருக்குச் சில மணித்துளிகள் ஒதுக்கலாம். அவர் சொல்வது இழப்பின் துயரமா, நம் கைத்திறனின் குறையா என்று கவிஞர் பொறுமையோடு பிரித்துக் கேட்கலாம். குறையானால் திருத்தலாம், துயரமானால் வரியை மாற்றாமல், அவரோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கலாம். லெமின்ஸ்டர் நகரத்து வீடொன்றில் மணி ஒலித்தபோதெல்லாம் ஒரு முதிய எழுத்தாளர் செய்தது அதுவே.